வலிக்காத கால்

தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்க்கும்போது என் மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். உலகமெல்லாம் பேர் தெரிந்த ஆட்டக்காரன் ஒருவன் புல்லில் விழுந்து, முழங்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பத்து முழத்துக்கு உருளுவான். "நெசமாவாப்பா?" என்பாள். நான் யோசிப்பதே இல்லை, உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவேன். உண்மையாக அடிபட்டவன் உருள மாட்டான். விழுந்த இடத்திலேயே சுருண்டு கிடப்பான். அவனுக்கு முதலில் சத்தமே வராது. மூச்சு திரும்பிய பிறகுதான் 'அம்மா' வரும். முக்கியமாக, நடுவரான ரெப்ரி எங்கே நிற்கிறார் என்று அவன் விரலிடுக்கு வழியாகப் பார்க்க மாட்டான். முகத்தைப் பெரிதாகக் காட்டும்போது நான் அந்தக் கண்ணைத்தான் தேடுவேன். எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அந்தக் கண் ஒன்றுதான். எனக்கும் அதே கண்தான் இருந்தது.

இவ்வளவு நுணுக்கம் எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதில்லை. அப்பா ஒரு காலத்தில் பெரிய பந்துக்காரர் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். அதில் பாதி உண்மை. பந்துக்காரன் என்பது உண்மை.

இலங்கையில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் வேலை செய்தேன். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு ஒரு வருஷமோ, கொஞ்சம் கூடவோ முந்திய காலம். தோட்டங்களை நடத்திய துரைமார்களுக்கு அப்போது பந்துப் பைத்தியம் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஜெயித்த துரைதான் அடுத்த சனிக்கிழமை கிளப்பில் மற்றத் துரையைப் பார்த்துச் சிரிக்க முடியும். அதனால் நன்றாகப் பந்தடிக்கிற ஆள் எந்த மலையில் இருந்தாலும் சொல்லியனுப்பி வரவழைப்பார்கள். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, கிடைக்கும். கூலிப் பதிவேடான செக்ரோலில் பேர் பதிவாகும். மலையேற வேண்டாத வேலையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பேர் வாசிக்கும்போது எங்களைப் போன்றவர்களுக்கு விழுவதைப் 'பந்துப் பேர்' என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர்கள் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலை ஏற, நான் ஃபாக்டரி மாடியில் பச்சைக் கொழுந்து வாடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். நான் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது வாடத்தான் செய்யும்.

ஆக, நாங்கள் கால்களை விற்றுப் பிழைத்தவர்கள். சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் தோற்றால் பால் இல்லாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். எங்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. அதனால்தான் அத்தனை அசிங்கமும் நடந்தது. கோலைக் காக்கும் எங்கள் ஆள் கால்சட்டைப் பையில் மண் வைத்திருப்பான். பந்து உயரமாக வரும்போது எதிராளியின் கண்ணுக்கு ஒரு பிடி. பெரும்பாலும் வெறுங்காலில் ஆடிய காலம். பூட்ஸ் வைத்திருந்த இரண்டு பேர் பந்தைத் தேடியதைவிட எதிராளியின் பெருவிரல் நகத்தைத் தேடியதுதான் அதிகம். பக்கத்தில் ஓடிக்கொண்டே எதிராளியின் அக்கா தங்கச்சியைப் பற்றி அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசுவதற்கென்றே ஒருவனை வைத்திருந்தோம். அவனுக்குப் பந்தடிக்கத் தெரியாது. அவனுக்கும் பந்துப் பேர் உண்டு.

என் சரக்கு வேறு. நான் விழுவேன்.

இந்தக் கலை எனக்குக் காமன் கூத்தில் வந்தது. மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் கூத்து நடக்கும்போது ஐந்தாறு வருஷமாக ரதி வேஷம் நான்தான். மீசையை மழித்து, சேலையைச் சுற்றி, சிவன் எரித்த மன்மதனுக்காகக் காமன் பொட்டலில் விழுந்து புரண்டு அழ வேண்டும். நான் அழுதால் எட்டு லயத்துப் பெண்களும் அழுவார்கள். புருஷனை உண்மையாகவே இழந்த ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுத வருஷமும் உண்டு. அந்த அழுகையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் மைதானத்தில் வைத்தேன். மாசி முடிந்து பங்குனியில் பந்தாட்டம் தொடங்கும்போது என் மீசை பாதிதான் முளைத்திருக்கும். நான் பந்தோடு ஓடும்போதே எதிர்த் தோட்டத்துக்காரர்கள், "ரதி வருது, வழி விடு" என்பார்கள். அதுவும் எனக்கு வசதிதான். சிரிக்கிறவன் கவனமாக இருக்க மாட்டான்.

ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர் மலையில் இருந்த தோட்டம்தான் எங்களுக்குப் பகை. அவர்களிடம் ஒரு பேக் இருந்தான். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். என்னைவிட நாலைந்து வயது சின்னவன். கதவு நிலை மாதிரி உடம்பு. ஆனால் அவன் யாரையும் இடித்து நான் பார்த்ததில்லை. நம் காலில் இருக்கும் பந்தைத் தன் பொருளை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுவான். நம் ஆள் காதுக்குள் பேசினால் திரும்பிப் பார்த்து, "மூச்சு வாங்குதுண்ணே, அப்புறம் பேசுங்க" என்பான். இப்படிப்பட்டவனோடு எப்படி ஆடுவது?

அவன் கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு போட்டபோது, அவன் அப்பா இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தக் கடிதாசியிலேயே இவன் பேரும் இருந்தது. அப்பா செத்துப்போனார், பேர் மட்டும் நின்றது. இவன் கட்டியவளோ தன் தகப்பனோடு சேர்த்து இலங்கைக்கு எழுதப்பட்டவள். அந்த மாமனார் முறிவு நோவுக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்; மலையில் சரிந்து விழுந்து படுக்கையில் கிடந்தார். ஊரார் இடுப்புக்கெல்லாம் எண்ணெய் காய்ச்சியவரின் இடுப்பு எந்த எண்ணெய்க்கும் கேட்கவில்லை. மகளை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. இவனுக்குக் கப்பலேறும் தவணை வரும்போதெல்லாம், இந்த ஆள் தோட்டத்து வேலைக்குக் கட்டாயம் தேவை என்று அவன் துரை ஒரு கடிதம் கொடுப்பார். தவணை தள்ளிப்போகும். அவ்வளவுதான் விஷயம். அவன் கோலுக்கு முன்னால் நிற்கும் வரைக்கும் துரை கடிதம் கொடுப்பார். துரை கடிதம் கொடுக்கும் வரைக்கும் அவன் பெண்டாட்டியோடு இருப்பான்.

எல்லோருக்கும் தெரியும் என்றேன். எனக்கும் தெரியும். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையிலும் நான் விழுந்து உருண்ட மாதிரி ஆகிவிடும்.

அந்த வருஷக் கப்புக்கான கடைசி ஆட்டம் பதுளை டவுன் மைதானத்தில் நடந்தது. இரண்டு மலையும் லொறிகளில் இறங்கி வந்திருந்தது. மழைக்கு முந்திய புழுக்கம். நமுனுகுல மலையின் தலையை மேகம் மூடியிருந்தது. ஆட்டம் முடியப்போகிறது, இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் துரை மைதானத்து எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தொப்பியின் அர்த்தம் எங்களுக்குத் தெரியும்: தோற்றால் பந்துப் பேர் போகும். எனக்குப் பந்து கிடைத்தது. கோலுக்கு நேராக ஓடினேன். எதிரே அவன் மட்டும்தான். வழக்கம்போல வந்து பந்தை எடுத்துக்கொண்டான். அவன் கால் என்மேல் படவில்லை. காற்றுக்கூடப் படவில்லை.

நான் விழுந்தேன்.

அப்படி ஒரு விழுகையை அதற்கு முன்னும் விழுந்ததில்லை, பின்னும் விழுந்ததில்லை. வலது காலைக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று உருண்டு, மன்மதனுக்கு வைத்திருந்த அழுகையைக் கணுக்காலுக்குக் கொடுத்தேன். கூட்டத்தில் பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். ரெப்ரி டவுனிலிருந்து வந்தவர், கூத்துப் பார்க்காதவர். ஓடி வந்து என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வெளியே போ என்று அவனுக்குக் கையைக் காட்டினார். எங்களுக்குப் பெனால்டி. கால் ஒடிந்தவன் அடிக்க முடியாதே, வேறொருவன் அடித்தான். பந்து உள்ளே போனதும் நான் துள்ளி எழப் பார்த்தேன். பக்கத்தில் குந்தியிருந்த எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் என் தோளை அமுக்கி, "படு" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் துரையின் தொப்பி தெரியும். மடமடவென்று என் காலில் துணிக்கட்டைப் போட்டார். கப்பைத் தூக்கிய தோள்களிலேயே என்னையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே அனுப்பப்பட்டவன் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, தன் காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கால் அவனுக்குத் தெரியாமல் ஏதாவது செய்துவிட்டதா என்பது போல.

அடுத்த நாளே அவன் துரை அவனைச் செக்ரோலிலிருந்து வெட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அசட்டுத்தனமாக உதைத்துக் கப்பைத் தொலைத்தவனுக்குப் பேரும் இல்லை, கடிதமும் இல்லை.  எங்கள் லயத்தில் யாரோ ரதியின் கணுக்காலைப் பற்றி ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்திருப்பேன். வழக்கம் அப்படி.

ஒரு வாரம் நொண்டினேன். நொண்டுவது விழுவதைப்போல லேசான வேலையில்லை. விழுவது ஒரு நிமிஷம். நொண்டுவதற்குக் காலை முதல் சாயங்காலம் வரை நினைவு இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காம்பராவுக்குள் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சம்மணம் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தேன். வாசலில் என் பெண்சாதி யாரையோ "வாங்க தம்பி" என்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவன். ஓயாவைத் தாண்டி ஐந்தாறு மைல் நடந்து வந்திருக்கிறான். அவசர அவசரமாகத் துணியை எடுத்துக் காலில் சுற்றிக்கொண்டு சாய்ந்துகொண்டேன்.

உள்ளே வந்தவன் கையில் ஒரு போத்தல். மாமனார் படுக்கையில் கிடந்தே சொல்லிச்சொல்லி, மகளை வைத்துக் காய்ச்சிய எண்ணெய். தான் என்னைத் தொடவில்லை என்றுதான் நினைப்பதாகவும், ஆனால் நான் அழுத அழுகையைப் பார்த்த பிறகு தன் நினைப்பிலேயே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டதாகவும், ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை என்றும் சொன்னான். குந்தி உட்கார்ந்து, எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு, கட்டை அவிழ்த்தான். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எடது காலுண்ணே" என்றான். "நீங்க புடிச்சுக்கிட்டுக் கெடந்தது வலது."

  அவன் எழுந்து போயிருக்கலாம். போத்தலை என் மண்டையில் போட்டிருக்கலாம், அதற்கு நியாயம் இருந்தது. கையில் ஊற்றிய எண்ணெயைப் பார்த்தான். வீணாகப் போகிறதே என்று நினைத்தானோ என்னவோ, அந்த இடது காலிலேயே தேய்க்க ஆரம்பித்தான். வலிக்காத காலுக்கு அவ்வளவு பொறுமையாக எண்ணெய் தேய்த்தான். அப்போது அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அதில் இருந்தது நிம்மதி. தான் உதைக்கவில்லை என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னான். இரண்டு துரைமாரும் கிளப்பில் வாக்குவாதப்பட்டிருக்கிறார்கள். உங்கள் ஆள் நடித்தான் என்று அவன் துரையும், இல்லை என்று எங்கள் துரையும். வருகிற சனிக்கிழமை அவர்கள் தோட்டத்தில் வைத்து இரண்டு பேரையும் விசாரிப்பதாக ஏற்பாடு. நடித்தது என்று தெரிந்தால் ஆட்டத்தைத் திரும்ப வைப்பார்கள். அவனைத் திரும்பச் சேர்ப்பார்கள். கடிதத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

"நடிச்சேன்னு சொல்ல வேணாம்ணே" என்றான். "காலு தானா சுளுக்கிக்கிச்சுன்னு சொன்னாப் போதும். ஒங்களுக்கும் கொறச்சல் இல்ல."

எனக்கு வழி வேறு அவனே சொல்லித் தருகிறான். நான் சொல்லிவிடுகிறேன் தம்பி, நீ பயப்படாதே என்றேன். அந்த நிமிஷத்தில் அது பொய்யில்லை. என் பெண்சாதி அவனுக்குச் சாயத்தண்ணி கொண்டுவந்தாள். வாங்கும்போது அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எத்தன மாசம் மதினி?" என்று கேட்டான். ஏழு என்றாள். எங்களுக்கு அது முதல் பிள்ளை. அவன் சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு, மீதி எண்ணெயைப் பிரசவத்துக்கு அப்புறம் அவள் இடுப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை எங்கள் துரை என்னை ஜீப்பில் ஏற்றினார். முன் சீட்டில், தனக்குப் பக்கத்தில். தோட்டத்தில் எவனும் அதில் உட்கார்ந்ததில்லை. லயங்களைத் தாண்டும்போது என் முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கால் தானாகச் சுளுக்கியது. கால் தானாகச் சுளுக்கியது. ஓயாப் பாலத்தில் ஜீப்பை மெதுவாக்கித் துரை என் பக்கம் திரும்பினார். எல்லாத் துரைமாரையும் போலத் தமிழில் அவருக்கு வினைச்சொல்லின் வடிவம் ஒன்றே ஒன்றுதான்.

"நீ நல்லா நடக்கிறது இல்லை. சரியா?"

அது கேள்வியில்லை. சரிங்க துரை என்றேன்.

விசாரணை அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் நடந்தது. ஆபீசில் வைக்காமல் ஏன் கோயிலில் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. தோட்டத் தலைவர், கணக்கப்பிள்ளை, நாற்பது ஐம்பது ஜனம். அவன் பெண்டாட்டி கூட்டத்தில் முன்னால் நின்றாள். மெலிந்த, உயரமான பெண். நான் ஜீப்பிலிருந்து இறங்கி நொண்டினேன். இந்தத் தடவை சரியான கால்.

அவன் துரை கேட்டார். என்ன நடந்தது என்று அவனைக் கேட்டார், நான் தொடவில்லைங்க என்றான். என்னைக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் நாக்கில் வரிசையாக நின்றன. எங்கள் துரை தொப்பியைக் கழற்றினார், போட்டார்.

"ஒதச்சாருங்க" என்றேன்.

அந்த நேரத்தில் எனக்குப் போகக்கூடியது எது என்று பிறகு பலமுறை கணக்குப் பார்த்திருக்கிறேன். ஃபாக்டரி மாடி போயிருக்கும். கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறியிருப்பேன், மற்ற முந்நூறு பேரைப் போல. அவ்வளவுதான். அவனுக்குப் போகக்கூடியது கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

அவன் துரை சிரித்தார். இதை எதிர்பார்த்துத்தான் கோயிலுக்குக் கூட்டியிருக்கிறார். கோயில் பூசாரியான பண்டாரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பண்டாரம் தட்டில் ஒரு கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்திக்கொண்டு வந்தான்.

"சூடம் அடிக்கிறது" என்றார் துரை என்னிடம். "பொய் சொல்றது, ஒன் சாமி பாக்கிறது."

எங்கள் ஆட்களிடம் எந்தக் கோர்ட்டையும்விடப் பெரிய கோர்ட் அது. எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்யாக அணைத்தால் அடித்தவனை ஒன்றும் செய்யாது. அவன் வம்சத்தில் விழும். பிள்ளையில் விழும். கோழி திருடியவன்கூடச் சூடத்தைக் கண்டால் கோழியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். துரைமார்கள் இதை எங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு, பெனால்டி அடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பந்தாட்டத்தைப் பற்றி மாரியம்மாளுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். சிரிப்புக்கூட வந்தது. எதற்கும் ஒரு கேலி தயாராக வைத்திருப்பவனுக்கு இதுதான் கேடு, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரியாது. கையைத் தூக்கினேன்.

தூக்கிய கையின் மணிக்கட்டை அவன் பிடித்துக்கொண்டான். இரண்டெட்டில் வந்துவிட்டான். பந்தை எடுக்க வருகிற அதே மாதிரி, இடிக்காமல். நெருக்கத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"மதினிக்கு ஏழு மாசம்ணே."

பிறகு திரும்பித் துரையிடம், "சூடம் வேணாங்க, நாந்தான் ஒதச்சேன்" என்றான்.

 பண்டாரத்துக்குத் தட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை, பிடித்துக்கொண்டே நின்றான். சூடம் தானாக எரிந்து, குறுகி, நீலமாகி, அணைந்தது. தட்டில் ஒரு கரும்புள்ளி மிஞ்சியது. அதுவரைக்கும் அவன் என் மணிக்கட்டை விடவில்லை. நான் அடித்துவிடுவேன் என்று கடைசி வரைக்கும் பயந்திருக்கிறான். என்னைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். எத்தனை வார்த்தை வேண்டும்? இரண்டு போதும். அவன் பெண்டாட்டியைப் பார்த்தேன். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் துரை என் முதுகில் தட்டினார். ஜீப்புக்கு நடந்தேன். பாதி தூரம் போன பிறகு பின்னாலிருந்து துரை மெதுவாக, "கால்" என்றார். அப்போதுதான் நேராக நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. நொண்டினேன்.

அதற்குப் பிறகும் நாட்கள் இருந்தன. அவன் தவணைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. எந்தக் காலையிலும் நான் ஓயாவைத் தாண்டிப் போய் அவன் துரையிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் மழை. ஒரு நாள் ஃபாக்டரியில் கொழுந்து அதிகம். ஒரு நாள் பெண்சாதிக்கு வலி கண்டுவிட்டது. பிள்ளை பிறந்தது. பெண். மருத்துவச்சி வெளியே வந்து சொன்னதும், நான் உள்ளே போய் முதலில் பார்த்தது முகத்தையல்ல. இரண்டு காலையும் பிடித்து நீட்டிப் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன். என் பெண்சாதி கண்ணை மூடிக்கொண்டே, "எல்லாம் இருக்கு, போங்க" என்றாள். கோயில் வாசலில் நடந்ததை யார் அவளிடம் சொன்னார்களோ தெரியாது. அந்த எண்ணெயை அவள் கடைசி வரைக்கும் இடுப்பில் தடவவில்லை. அடுப்புக்கு மேல் இருந்த மாடத்தில் புகை படிய நின்றது.

ஆடி மாதம் அவனுக்குப் பயணம் வந்தது. தலைமன்னார் வரைக்கும் ரயில், பிறகு கப்பல். பதுளை ஸ்டேஷனுக்கு நான் போனேன். சொல்லி அழுதுவிடலாம் என்று போனேனா, அவன் என்னைத் திட்டினால் பாரம் இறங்கும் என்று போனேனா, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அந்த மாதிரி ரயில் போகிற நாளில் பதுளை ஸ்டேஷனுக்குப் போனவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. தகரப்பெட்டி, அம்மிக்குழவி, பாய்ச்சுருட்டு, எல்லாவற்றுக்கும் மேல் அழுகை. பெட்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் உள்ளேயும் ஒரு பக்கம் வெளியேயும் அழுவார்கள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்கும் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. தோள் குலுங்கி, வாய் கோணி, மூக்கு ஒழுக அழுதேன். கூத்தில் ஒருநாளும் அப்படி அசிங்கமாக அழுததில்லை.

எங்கள் தோட்டத்திலிருந்து அண்ணனை வழியனுப்ப வந்திருந்த ஒருவன் அழுதுகொண்டே பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். "அங்க பாரு, ரதி ஆரம்பிச்சிருச்சு." அவ்வளவு துக்கத்திலும் இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். வெளியே அவன் பெண்டாட்டி நின்றாள். அந்த மேடையிலேயே அழாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். பேச வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே பேசி முடித்துவிட்டார்கள் போலிருந்தது. அவன் என்னைக் கண்டுவிட்டான். கையைக் காட்டிக் கூப்பிட்டான். கிட்டப் போனேன். என்ன சொல்லப்போகிறான் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன புள்ளண்ணே?"

பொண்ணு என்றேன்.

"கை காலெல்லாம் நல்லாருக்கா?"

அதில் குத்தல் இல்லை. இருந்ததா என்று எத்தனையோ ராத்திரி புரட்டிப் பார்த்திருக்கிறேன், இல்லை. தான் கொடுத்த விலைக்குச் சாமான் ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்பினான். நல்லா இருக்கு தம்பி என்றேன். தலையை ஆட்டினான். அதற்குள் ரயில் அசைந்தது. அவள் ஜன்னலோடு நாலெட்டு நடந்தாள், பிறகு நின்றுவிட்டாள்.

அடுத்த வருஷமோ என்னவோ தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை கப்பை எடுத்துக்கொண்டு போனாரா விட்டுவிட்டுப் போனாரா தெரியாது. புதிதாக வந்தவர்களுக்குப் பந்தில் அக்கறை இல்லை. பந்துப் பேர் என்று ஒன்று இல்லாமல் போனது. நான் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். எதைக் காப்பாற்றிக்கொள்ள விழுந்தேனோ, அது எனக்கு அதற்கு மேல் நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாசிகளில் ரதி வேஷத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். கால் வலி என்று காரணம் சொன்னேன். ஒருவனும் நம்பவில்லை.

ரயில் போன அன்று பசறை பஸ்ஸில் அவன் பெண்டாட்டியும் நானும் ஒன்றாக ஏறும்படி ஆனது. வேறு பஸ் இல்லை. முன்னால் ஒரு சீட்டில் அவள் உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. நான் இரண்டு சீட் தள்ளிப் பின்னால். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் அவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எதையாவது சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன், அன்றைக்கு ஜீப்பில் அடுக்கியதைப் போல. அடுக்கி முடிப்பதற்குள் எங்கள் தோட்டத்துச் சந்தி வந்துவிட்டது. பஸ் நின்றது. நான் எழவில்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எறங்குங்க" என்றாள். "ஒங்க எடம் வந்துருச்சு."

இறங்கினேன். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு மேலே போனது. வீட்டில் படுக்கையில் கிடந்த தகப்பனுக்கு ராத்திரிச் சாப்பாடு அவள் போய்த்தான் ஆக்க வேண்டும்.